அலமாரியில் மருந்து இருக்கிறது, நோயாளிக்கு இல்லை: வளரும் நாடுகளின் சுகாதார, நிதி அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர்களுக்கு,

2016-இல் உலக சுகாதாரப் பேரவையில் உங்கள் நாடுகள் ஒரு வாக்குறுதி கொடுத்தன. வைரஸால் வரும் கல்லீரல் அழற்சியின் (ஹெபடைடிஸ்) புதிய தொற்றுகளை 2030-க்குள் 90 சதவீதமும், இறப்புகளை 65 சதவீதமும் குறைப்போம் என்றன. அந்தக் கெடுவில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. இறப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கையைப் பாருங்கள்: 2019-இல் ஆண்டுக்கு 11 லட்சமாக இருந்த இறப்பு 2022-இல் 13 லட்சமாகிவிட்டது. நாளொன்றுக்கு 3,500 பேர். இவர்களில் 83 சதவீதம் ஹெபடைடிஸ் பி-யால் இறந்தவர்கள், மீதிப் பேர் சி-யால்.

நாங்கள் கல்லீரல் நோய்ப் பிரிவிலும் ஆய்வகத்திலும் பிரசவ அறையிலும் ரத்த வங்கியிலும் வேலை செய்கிறவர்கள். பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, பி, சி இரண்டுக்கும் மாத்திரை இருக்கிறது, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனை இருக்கிறது. பல இடங்களில் மூன்றும் ஒரே மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் அவற்றை நோயாளியிடம் கொண்டு சேர்க்கும் பொறுப்பை யாரிடமும் நீங்கள் ஒப்படைக்கவில்லை. எச்ஐவிக்கு ஒரு திட்டம், காசநோய்க்கு ஒரு திட்டம், மலேரியாவுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. கல்லீரல் அழற்சிக்கு, அதற்கான உலக தினமான ஜூலை 28 அன்று, ஒரு விழிப்புணர்வுப் பேரணி நடக்கிறது. இதை நாங்கள் ஏற்க முடியாது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் பிறந்த குழந்தையிடமிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

பெரியவர் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றினால், நூற்றில் 95 பேருக்கு மேல் உடம்பே கிருமியை விரட்டிவிடும். பிறக்கும்போதோ முதல் ஆண்டிலோ தொற்றினால் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. சுமார் 90 சதவீதக் குழந்தைகளிடம் அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். காய்ச்சல் வராது, கண் மஞ்சளாகாது. குழந்தை நன்றாக வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், நாற்பது வயதை ஒட்டி வயிறு வீங்கி எங்களிடம் வரும்போது கல்லீரல் சுருங்கியிருக்கும், அல்லது புற்றுநோய் வந்திருக்கும். அந்தக் கட்டத்தில் எங்களால் செய்ய முடிவது மிகக் குறைவு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தொடையின் முன்பக்க வெளிப்புறத் தசையில் 0.5 மில்லி தடுப்பூசி போட்டு, பின்னர் மற்ற தவணைகளையும் முடித்திருந்தால் இது ஏறக்குறைய வந்திருக்கவே வராது. 2022 கணக்குப்படி உலக அளவில் இந்தப் பிறப்பு டோஸ் கிடைத்தது 45 சதவீதக் குழந்தைகளுக்கு. ஆப்பிரிக்கப் பகுதியில் 18 சதவீதம். புதிய ஹெபடைடிஸ் பி தொற்றுகளில் 63 சதவீதம் அதே ஆப்பிரிக்கப் பகுதியில் நிகழ்வதில் எங்களுக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை.

உங்கள் தடுப்பூசி அட்டவணையில் பிறப்பு டோஸ் அச்சாகியிருக்கலாம். நடைமுறையில் அது எங்கே நழுவுகிறது என்று சொல்கிறோம்.

பல மருத்துவமனைகளில் தடுப்பூசி இருப்பது பிரசவ அறையில் அல்ல, வெளிநோயாளிகள் பகுதியில் உள்ள தடுப்பூசி அறையில். அந்த அறை காலையில் திறந்து மாலையில் பூட்டப்படும், விடுமுறை நாளில் திறக்கவே திறக்காது. பிரசவம் அப்படி நேரம் பார்த்து வருவதில்லை. வெள்ளிக்கிழமை இரவு பிறந்த குழந்தைக்குத் திங்கட்கிழமை ஊசி போடுகிறார்கள், பதிவேட்டில் அதையும் 'பிறப்பு டோஸ்' என்றே எழுதுகிறார்கள். மாத முடிவில் அமைச்சகத்துக்குப் போகும் அறிக்கையில் அந்த ஊசி வெற்றிக் கணக்கில் சேர்கிறது. ஒவ்வொரு மணி நேரமும் தாமதமாகத் தாமதமாகத் தாயிடமிருந்து வந்த வைரஸ் கல்லீரலில் வேரூன்ற வாய்ப்புக் கூடுகிறது. பிறந்த நேரமும் ஊசி போட்ட நேரமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இல்லாத பதிவேடு எதையும் நிரூபிக்காது.

அடுத்தது பத்து டோஸ் குப்பி. இரவில் ஒரே ஒரு பிரசவம் நடந்தால் அந்த ஒரு குழந்தைக்காகக் குப்பியைத் திறக்கச் செவிலியர் தயங்குகிறார், ஏனென்றால் மீதி ஒன்பது டோஸ் வீணானால் விளக்கம் கேட்கும் குறிப்பாணை அவருக்குத்தான் வரும். இந்தப் பயத்துக்கே காரணம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி பெற்ற, பதனப்பொருள் கலந்த ஹெபடைடிஸ் பி பல்டோஸ் குப்பியைத் திறந்த பிறகும் 28 நாள் வரை பயன்படுத்தலாம். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது, குப்பி தண்ணீரில் மூழ்கியிருக்கக் கூடாது, லேபிளில் உள்ள வெப்பக் காட்டியின் உட்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிர்நிறமாக இருக்க வேண்டும். திறந்த தேதியைக் குப்பி மேல் எழுதினால் போதும். இந்த விதி பல காலமாக இருக்கிறது. பிரசவ அறைச் சுவரில் அது ஒட்டப்படவில்லை, அவ்வளவுதான் குறை. அதற்காகக் குழந்தைகள் தொற்றோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

மூன்றாவது சிக்கல் வெயில் அல்ல, குளிர். இந்தத் தடுப்பூசி ஓரளவு வெப்பத்தைத் தாங்கும். உறைந்தால் மட்டும் செத்துவிடும். அதில் உள்ள அலுமினியத் துணைப்பொருள் உறைந்து உருகும்போது திரண்டு போகிறது, ஊசி போட்டும் போடாததற்குச் சமம். ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே தடுப்பூசிப் பெட்டியில் வைப்பதும், குளிர்பெட்டியின் அடித்தட்டிலோ குளிர்த்தகட்டை ஒட்டியோ குப்பியை வைப்பதும் இதற்கு வழக்கமான காரணங்கள். ஐஸ் பேக்கை வெளியே வைத்து, காதருகே குலுக்கும்போது உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை உண்டு. அதே நிறுவனத்தின் அதே தொகுதி எண் கொண்ட ஒரு குப்பியை வேண்டுமென்றே இரவு முழுக்க உறைய வைத்து, உருகிய பின் சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, இரண்டையும் மேசையில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சந்தேகக் குப்பியில் வண்டல் உறைந்த குப்பியைப் போலவே வேகமாகப் படிந்தால் அந்தக் குப்பியைக் கழித்துவிட வேண்டும். உறைய வைக்கும் நேரம் போக, அரை மணி நேர வேலை. பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் மாவட்டக் கிடங்குகளைக் கேட்டுப் பாருங்கள்.

குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்று சொல்லி ஊசியைத் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் பிறப்பு டோஸ் போட வேண்டும். அதைத் தவணைக் கணக்கில் சேர்க்காமல், பின்னர் மூன்று டோஸ் தனியாகக் கொடுத்தால் சரி. வீட்டுப் பிரசவங்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. முன்பே நிரப்பிய ஒற்றை டோஸ் ஊசியைக் கிராமத்து மருத்துவச்சிகள் வழியாக வீட்டுக்கே கொண்டு சேர்த்த அனுபவம் இந்தோனேசியாவுக்கு உண்டு.

ஒரு எச்சரிக்கையும் இங்கே அவசியம். 2013-இல் வியட்நாமில் பிறந்த குழந்தைகள் சிலர் ஊசிக்குப் பின் இறந்த செய்தி பரவி, நாடு முழுக்கப் பெற்றோர் பயந்து, பிறப்பு டோஸ் போடுவது சரிந்தது. தடுப்பூசிக்குப் பதிலாக வேறொரு மருந்து செலுத்தப்பட்டதே காரணம் என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. தடுப்பூசிக் குளிர்பெட்டியில் தடுப்பூசியைத் தவிர வேறு எந்த மருந்தும் இருக்கக் கூடாது என்ற விதி வெறும் சம்பிரதாயம் அல்ல.

தாய் பக்கம் வருவோம். ஹெபடைடிஸ் பி வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் 'இ' ஆன்டிஜென் ரத்தத்தில் உள்ள தாயிடமிருந்து, தடுப்பு ஏதும் இல்லாவிட்டால், நூற்றுக்கு 70 முதல் 90 குழந்தைகளுக்குத் தொற்று போகும். ரத்தத்தில் வைரஸ் அளவு மிக அதிகமாக இருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது, கர்ப்ப காலத்தில் தாய்க்கு, வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையும் வேண்டும். மில்லிக்கு 2 லட்சம் அலகுக்கு மேல் வைரஸ் உள்ளவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி 2020-இலேயே வழிகாட்டி வந்துவிட்டது. வைரஸ் அளவு பார்க்கும் வசதி இல்லை என்பது நீங்கள் சொன்ன காரணம். 2024 வழிகாட்டி அந்தக் காரணத்தையும் நீக்கிவிட்டது. வைரஸ் அளவோ 'இ' ஆன்டிஜெனோ பார்க்க முடியாத இடத்தில், தொற்று இருப்பதைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜென் உள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும் நாள்தோறும் 300 மில்லிகிராம் மாத்திரை கொடுக்கலாம். ஆனால் அதற்கு முதலில் பரிசோதிக்க வேண்டுமே! எச்ஐவிக்கும் மேகப்புண்ணுக்கும் கர்ப்பிணியின் விரலில் குத்துகிறோம். அதே குத்தில் வரும் இன்னொரு சொட்டில் ஹெபடைடிஸ் பி-யும் பார்த்துவிடலாம். பரிசோதனைப் பட்டை வாங்க அந்தத் திட்டத்தில் பணம் இல்லை, ஆகவே பார்ப்பதில்லை.

இங்கேதான் எங்களை மிகவும் வருத்தும் விஷயம் வருகிறது. டெனோஃபோவிர் உங்கள் நாட்டில் இல்லாத மருந்து அல்ல. எச்ஐவிச் சிகிச்சையின் அடிப்படை மாத்திரையே அதுதான். மாவட்ட மருத்துவமனையின் எச்ஐவி மருந்தக அலமாரியில் அது டப்பா டப்பாவாக இருக்கிறது. ஹெபடைடிஸ் பி மட்டும் உள்ள நோயாளி அதே ஜன்னலில் நின்றால் 'இது உங்களுக்கு இல்லை' என்று திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த மருந்து வேறொரு திட்டத்தின் கணக்கில் வந்தது. எச்ஐவியும் ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்து இருந்தால் மருந்து உண்டு, ஹெபடைடிஸ் பி மட்டும் இருந்தால் இல்லை. 2022 கணக்குப்படி உலகில் 25 கோடியே 40 லட்சம் பேருக்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி இருந்தது. அவர்களில் தமக்கு அது இருப்பதை அறிந்தவர்கள் 13 சதவீதம். சிகிச்சையில் இருப்பவர்கள் 3 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் அந்த ஜன்னலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

மருந்து விலை அதிகம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். 2024 அறிக்கையின்படி டெனோஃபோவிருக்கு உலக அளவிலான அடிப்படை விலை மாதத்துக்கு 2.4 அமெரிக்க டாலர். தகவல் தந்த 26 நாடுகளில் அந்த விலைக்கோ அதற்குக் குறைவாகவோ வாங்கியவை ஏழே நாடுகள். மற்றவை கூடுதல் விலை கொடுத்தன. கூட்டுக் கொள்முதலில் சேராததும், சிறு சிறு ஒப்பந்தப்புள்ளிகளாகக் கேட்பதும், ஜெனரிக் மருந்தின் பதிவைக் கோப்பிலேயே போட்டு வைப்பதும் இதற்குக் காரணங்கள். மூன்றும் உங்கள் அமைச்சகங்களுக்குள்ளேயே சரி செய்யக் கூடியவை.

யாருக்கு மாத்திரை தொடங்குவது என்பதும் முன்போலச் சிக்கலானது அல்ல. விலையுயர்ந்த ஸ்கேன் இல்லாத இடத்தில் சாதாரண ரத்தப் பரிசோதனையில் வரும் இரண்டு எண்களே போதும். ஏஎஸ்டி என்ற கல்லீரல் நொதியின் அளவை ஆய்வகத்தின் மேல் வரம்பால் வகுத்து, நூறால் பெருக்கி, அதை ஆயிரக்கணக்கில் எழுதிய ரத்தத் தட்டணு எண்ணிக்கையால் வகுத்தால், கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று காட்டும் 'ஆப்ரி' எண் கிடைக்கும். ஏஎஸ்டி 60, மேல் வரம்பு 40, தட்டணு 2 லட்சம் என்றால் 1.5-ஐ நூறால் பெருக்கி 200-ஆல் வகுக்க 0.75 வரும். 0.5-ஐத் தாண்டிவிட்டது, ஆகவே மாத்திரை தொடங்கலாம். இந்தக் கணக்கைப் போட நிபுணர் தேவையில்லை, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் போட்டுவிடுவார். வைரஸ் அளவு 2,000 அலகுக்கு மேல் இருந்து, ஏஎல்டி என்ற இன்னொரு கல்லீரல் நொதியும் கூடுதலாக இருந்தாலும் தொடங்கலாம். கல்லீரல் புற்றுநோய் வந்த குடும்பமா, சர்க்கரை நோய் உண்டா, கூடவே எச்ஐவியோ, ஹெபடைடிஸ் பி உள்ளவர்களை மட்டுமே தாக்கும் டி வைரஸோ இருக்கிறதா என்பனவும் சிகிச்சைக்குத் தகுதியாக்கும் காரணங்கள். இவ்வளவு தெளிவாக எழுதி வைத்த பிறகும், பல நாடுகளில் ஹெபடைடிஸ் பி மாத்திரையைத் தலைநகரத்து நிபுணர் மட்டுமே எழுத முடியும் என்ற உத்தரவு நீடிக்கிறது. ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக் காசு கொடுத்து, மூன்று முறை தலைநகருக்குப் போய் வரச் சொன்னால் உடம்பில் எந்த வலியும் இல்லாத மனிதர் எதற்காகப் போவார்?

தனி டெனோஃபோவிர் கிடைக்காத இடத்தில் லாமிவுடினோ எம்ட்ரிசிட்டபினோ சேர்ந்த கூட்டு மாத்திரையையும் கொடுக்கலாம் என்று 2024 வழிகாட்டியே சொல்கிறது. தொடங்கும் முன் எச்ஐவி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எச்ஐவி அந்த மருந்துகளுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளும். சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் நிதி அமைச்சர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: இந்த மாத்திரையைத் தொடங்கிவிட்டு இடையில் கையிருப்பு தீர்ந்தால், மருந்து நின்ற சில வாரங்களிலேயோ மாதங்களிலேயோ வைரஸ் மீண்டும் சீறி எழும். சுருங்கிய கல்லீரல் உள்ளவருக்கு அது உயிரையே பறிக்கலாம். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை நிதி வந்தால் வாங்குவோம் என்ற முறை இந்த நோய்க்கு ஒத்துவராது.

ஹெபடைடிஸ் சி-யைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு, காரணம் அது குணமாகும் நோய். சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்லடாஸ்விர் 60 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 12 வாரம். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். 2022 கணக்குப்படி ஐந்து கோடிப் பேருக்குத் தொற்று இருந்தது, சிகிச்சை கிடைத்தது ஐந்தில் ஒருவருக்கு. நாங்கள் பார்க்கும் பெரிய ஓட்டை, பரிசோதனையின் இரண்டாம் படியில் இருக்கிறது. முதல் படியான ஆன்டிபாடிப் பரிசோதனை, கிருமி என்றோ ஒரு நாள் வந்ததை மட்டும் காட்டும். தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேர் மருந்தில்லாமலே குணமாகியிருப்பார்கள், ஆன்டிபாடி மட்டும் ரத்தத்தில் மிஞ்சும். இப்போது வைரஸ் இருக்கிறதா என்று அறிய, வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் ஆர்என்ஏ பரிசோதனை வேண்டும். அதற்கு 'இன்னொரு நாள் வாருங்கள்' என்று அனுப்பினால் பாதிப் பாதையில் ஆட்கள் காணாமல் போகிறார்கள். முதல் நாள் எடுத்த அதே ரத்த மாதிரியிலேயே ஆய்வகம் இரண்டாம் பரிசோதனையையும் செய்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. காசநோய்க்கு வாங்கிய ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி ஹெபடைடிஸ் சி வைரஸ் அளவையும் பார்க்கும், கார்ட்ரிட்ஜ் மட்டும் வேறு. பல இடங்களில் அந்தக் கருவி நாளின் பாதி நேரம் சும்மா இருக்கிறது. மாத்திரை தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது, சி அடங்கும்போது பி கிளம்பும்.

இது முடியாது என்று சொல்கிறவர்கள் எகிப்தைப் பார்க்கட்டும். அந்த நாட்டில் 1950கள் முதல் 1980களின் தொடக்கம் வரை நத்தை வழியே பரவும் ஒட்டுண்ணி நோயான நத்தைக் காய்ச்சலுக்காக அரசே நடத்திய ஊசி இயக்கத்தில், சரியாகக் கிருமி நீக்காத ஊசிகள் வழியாகவே ஹெபடைடிஸ் சி ஊர் ஊராகப் பரவியது. நோய்ச்சுமையில் உலகின் முன்வரிசையில் நின்ற அதே அரசு, உள்ளூரிலேயே மருந்து தயாரித்து, ஆறு கோடிப் பேருக்கு மேல் பரிசோதித்து, நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்து, 2023-இல் ஒழிப்புப் பாதையில் 'தங்கத் தரம்' என்ற அங்கீகாரத்தை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றது. பணக்கார நாடு அல்ல அது.

எகிப்தின் பழைய கதைக்கு உள்ளே இருக்கும் தவறு இன்னும் ஓயவில்லை. 2010-ஆம் ஆண்டில் மட்டும் பாதுகாப்பற்ற ஊசிகளால் 17 லட்சம் பேர் வரை ஹெபடைடிஸ் பி-யும், 3,15,000 பேர் வரை சி-யும் பெற்றதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இந்தியாவின் மொடாசாவில் 2009-இல் ஹெபடைடிஸ் பி பரவிப் பல உயிர்கள் போனது, பயன்படுத்திய சிரிஞ்சுகள் மறுபடி பயன்பாட்டுக்கு வந்ததால்தான். எல்லாப் பழியையும் போலி மருத்துவர் மேல் போடுவது எளிது. பதிவு பெற்ற இடங்களிலும் நாங்கள் பார்ப்பது, ஊசி முனையை மட்டும் மாற்றிவிட்டு அதே சிரிஞ்சால் அடுத்தவருக்குப் போடுவது. முனையைக் கழற்றும்போது உண்டாகும் உறிஞ்சலில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் சிரிஞ்சுக்குள் வந்துவிடும். அந்த அளவே ஹெபடைடிஸ் பி-க்குப் போதும். இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சைப் பல்டோஸ் குப்பிக்குள் மறுபடி விட்டால் அந்தக் குப்பியே தொற்றுக் கலமாகிவிடும், அதன் பிறகு புது சிரிஞ்சு எடுத்தும் பயனில்லை. வெந்நீரில் கொதிக்க வைப்பது கிருமி நீக்கம் அல்ல. ரத்தக் கறையைக் கழுவித் துடைத்த பின், ஆட்டோகிளேவில் உறையிட்ட கருவிகளை 121 டிகிரியில் 30 நிமிடம் வைப்பதே கிருமி நீக்கம். கழுவாமல் வைத்தால் உலர்ந்த ரத்தப் படலத்துக்குள் ஆவி போகாது. டயாலிசிஸ் பிரிவில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம், தனி அறை, அந்த ஷிஃப்டில் அவர்களை மட்டும் பார்க்கும் பணியாளர் என்பது விதி. ஆள் பற்றாக்குறையில் முதலில் கைவிடப்படுவதும் அதே விதிதான்.

ஒருமுறை பயன்படுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுக்கு மாறுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது, 2020-ஐக் கெடுவாகவும் வைத்தது. தடுப்பூசித் திட்டத்தில் மாறினீர்கள். மற்ற சிகிச்சை ஊசிகளுக்கு இன்னும் பழைய சிரிஞ்சுதான். நாம் போடும் ஊசிகளில் தடுப்பூசி சிறு பங்கு. மிச்சம் எல்லாம் காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் போடுபவை, அவற்றில் பலவற்றுக்கு மாத்திரையே போதுமானது.

சாக்கடை கலந்த தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ-யும் இ-யும் வேறு கதை, ஆனால் புறக்கணிப்பு ஒன்றே. 1955-56-இல் டெல்லியில் குடிநீரில் கழிவுநீர் கலந்து சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அந்த நேரத்தில் டைஃபாய்டோ வயிற்றுப்போக்கோ அந்த அளவுக்குப் பெருகவில்லை. போட்ட குளோரின் பாக்டீரியாவைக் கொன்றது, வைரஸைக் கொல்லவில்லை. பின்னாளில் அது ஹெபடைடிஸ் இ என்று தெரிந்தது. கலங்கிய தண்ணீரில் குளோரினைக் கொட்டுவதால் பயன் குறைவு. முதலில் கலங்கலை ஐந்து என்டியு அலகுக்குக் கீழே கொண்டுவந்து, அமிலகார அளவு 8-க்குக் கீழே இருக்கையில் 30 நிமிடம் கலந்து நிற்கவிட்ட பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைடிஸ் இ வந்தால் நான்கில் ஒரு தாய் வரை இறக்கிறார். இதற்குத் தடுப்பூசியும் உண்டு. 2022-இல் தென் சூடானின் பென்டியுவில் இடம்பெயர்ந்தோர் முகாமில் நோய் பரவியபோது முதல்முறையாக அதைப் பயன்படுத்தினார்கள், கர்ப்பிணிகளுக்கும் சேர்த்து. முகாம்களைப் பராமரிக்கும் அரசுகள் அதைத் தங்கள் பட்டியலில் சேர்க்காமல் இருப்பதற்கு இனிக் காரணம் இல்லை.

இனி, நாங்கள் கேட்பவை.

கல்லீரல் அழற்சிக்கு உங்கள் அடுத்த நிதிநிலை அறிக்கையில் தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும். அந்தப் பணத்துக்கும் இலக்குக்கும் பதில் சொல்ல, வேறு திட்டம் எதையும் சேர்த்துப் பார்க்காத ஓர் அதிகாரி வேண்டும்.

எல்லாப் பிரசவ அறையிலும் தடுப்பூசிக்கென்றே குளிர்பெட்டி வையுங்கள். மருத்துவர் குறிப்புக்குக் காத்திராமல் பிரசவம் பார்த்த செவிலியரே ஊசி போடலாம், ஒரே ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்கலாம், அதனால் வீணாகும் டோஸுக்கு யாரிடமும் விளக்கம் கேட்கப்படாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். பிறந்த நேரத்தையும் ஊசி போட்ட நேரத்தையும் வைத்து மட்டுமே கணக்கெடுங்கள். ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்க உதவும் காவி கூட்டமைப்பு, பிறப்பு டோஸுக்கான உதவியை 2024-இல் தொடங்கியது. தகுதியுள்ள நாடுகள் இன்னும் விண்ணப்பிக்காமல் இருந்தால் உடனே விண்ணப்பிக்க வேண்டும்.

கர்ப்பிணிக்கு எச்ஐவி, மேகப்புண், ஹெபடைடிஸ் பி மூன்றையும் ஒரே வருகையில் பாருங்கள், தேவைப்பட்டவருக்கு அன்றே டெனோஃபோவிர் கொடுங்கள். எச்ஐவித் திட்டமும் கல்லீரல் திட்டமும் ஒரே கொள்முதலில் டெனோஃபோவிர் வாங்கட்டும், ஒரே ஜன்னலில் கொடுக்கட்டும். மருந்து எழுதும் அதிகாரத்தை ஆரம்ப சுகாதார நிலையம் வரை இறக்குங்கள். மாவட்டக் கிடங்கில் குறைந்தது மூன்று மாதக் கையிருப்பு எப்போதும் இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி உறுதியான எல்லோருக்கும் அதே மாதிரியில் டி வைரஸையும் பாருங்கள், சி ஆன்டிபாடி உள்ள எல்லோருக்கும் அதே மாதிரியில் ஆர்என்ஏ பாருங்கள்.

சிகிச்சை ஊசிகளுக்கும் மறுபயன்பாட்டைத் தடுக்கும் சிரிஞ்சை மட்டுமே அரசுக் கொள்முதலில் அனுமதியுங்கள், தனியார் இடங்களுக்கும் அதைச் சட்டமாக்குங்கள். மருத்துவமனையில் தரை துடைப்பவர், குப்பை அள்ளுபவர் உட்பட எல்லாப் பணியாளருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் இலவசமாகப் போடுங்கள். ஹெபடைடிஸ் பி உள்ள ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்குத் தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை உண்டு. அந்த ஊசியைக் கையில் எடுக்கும் கடைசி ஆள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி.

ஹெபடைடிஸ் பி இருப்பதைக் காரணம் காட்டி வேலை, படிப்பு, விடுதி இடம் மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குங்கள். சேர்ந்து உண்பதாலோ ஒரே அறையில் இருப்பதாலோ இது தொற்றாது. வேலைக்கு அனுப்பும் மருத்துவப் பரிசோதனையில் 'தகுதியில்லை' என்று முத்திரை குத்தி, சிகிச்சைக்கு வழி சொல்லாமல் அனுப்பிவிடும் வழக்கம் நிற்கும் வரை, மக்கள் பரிசோதனைக்கே வர மாட்டார்கள்.

கடைசியாக, நான்கு எண்களை மாவட்ட வாரியாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுவில் வெளியிடுங்கள்: 24 மணி நேரத்துக்குள் ஊசி பெற்ற குழந்தைகள், பரிசோதிக்கப்பட்ட கர்ப்பிணிகள், சிகிச்சையில் இருக்கும் ஹெபடைடிஸ் பி நோயாளிகள், குணமான ஹெபடைடிஸ் சி நோயாளிகள். முதல் வெளியீடு எந்தத் தேதியில் வரும் என்பதை இந்த மடலுக்கான பதிலில் எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறோம்.

இப்படிக்கு,
கல்லீரல் நோய்ச் சிகிச்சை, தடுப்பூசி, ஆய்வக, ரத்த வங்கிப் பணியாளர்கள்